நம் வீடுதானே, கேட்க வேண்டுமா என்ன?

கடந்த தேர்தலின்போது மலேசியாவின் பினாங்கு மாநிலத்தில், பிறையில் இருக்கும் எங்கள் அடுக்குமாடிக்கு ஓட்டுக் கேட்டு ஐந்து பேர் வந்தார்கள். நாங்கள் இருப்பது ஏழாம் மாடி. மின்தூக்கி ஓடாமல் மூன்று மாதம் ஆகியிருந்தது, அதனால் படியேறி மூச்சு வாங்கியபடிதான் வந்து சேர்ந்தார்கள். முன்னால் வந்த தம்பியின் கையில் வாக்காளர் பட்டியல். எங்கள் கதவு எண்ணைப் பார்த்ததும் ஒரு சரிக் குறி போட்டார். "நம் வீடுதானே அக்கா, கேட்க வேண்டுமா என்ன?" என்று சிரித்துவிட்டு நகர்ந்தார். முட்டி வலியோடு அம்மா எத்தனை வாரமாகக் கீழே இறங்கவில்லை என்று சொல்ல நான் வாய் திறப்பதற்குள் அடுத்த இரண்டு கதவுகளுக்கும் சரிக் குறி விழுந்திருந்தது.

வரிசையின் கடைசி வீட்டில் மட்டும் நின்றார்கள். அரை மணி நேரம் நின்றார்கள். அந்த வீட்டுக்காரர் எந்தப் பக்கம் என்று எங்கள் மாடியில் ஒருவருக்கும் தெரியாது. அவர் வீட்டுக் குழாய் ஒழுகுவதைக் கேட்டு, குறித்து, படமும் எடுத்துக்கொண்டார்கள். இரண்டு நாளில் ஆள் வந்து சரிசெய்துவிட்டுப் போனான்.

எந்தக் கட்சி என்று கேட்காதீர்கள். எந்தச் சட்டை போட்டவர் வாயிலும் பொருந்துகிற வசனம் அது. என் அப்பாவிடமும் இதையே வேறு சட்டைக்காரர்கள் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

அப்பா பட்டர்வொர்த் ரயில்வேயில் வேலை பார்த்தவர், அப்போதைய ஆளும் கூட்டணியான பாரிசான் நேஷனலின் தராசுச் சின்னத்துக்கு ஓட்டுப் போட்டே பழகியவர். அந்தக் கூட்டணியில் இருந்த ம.இ.கா.வை (மலேசிய இந்தியர் காங்கிரஸ்) அவர் 'கட்சி' என்றுகூடச் சொல்ல மாட்டார், 'நம்மவர்கள்' என்பார். 2004-ல் அந்த நம்மவர்கள் போட்டியிட்ட 9 நாடாளுமன்றத் தொகுதிகளிலும் வென்றார்கள். நின்ற இடமெல்லாம் வென்றவனுக்கு யார் முனகினாலும் காதில் விழாது. கோயில்கள் இடிபட்டன, தோட்டங்களை விட்டு வந்தவர்கள் பட்டணத்து ஓரங்களில் ஒண்டினார்கள், அடையாள அட்டை கேட்டு அலைந்தார்கள். 2007 நவம்பர் 25-ஆம் தேதி கோலாலம்பூரில் இந்தியர் உரிமைக்காக நின்ற ஹிண்ட்ராப் அமைப்பு கூட்டிய பேரணியின்மேல் கண்ணீர்ப்புகையும் இரசாயனத் தண்ணீரும் பாய்ந்தபோதுகூட, இது நாலு நாளில் அடங்கிவிடும் என்றுதான் மேலே இருந்தவர்கள் நினைத்திருக்க வேண்டும்.

அடங்கவில்லை. 2008 மார்ச் 8-ல் ஒன்பது மூன்றானது. தலைவர் சாமிவேலுவே சுங்கை சிப்புட்டில் தோற்றார். கமுந்திங் தடுப்பு முகாமில் இருந்தபடியே ஹிண்ட்ராப் வழக்கறிஞர் மனோகரன் கோத்தா ஆலாம் ஷாவில் சட்டமன்ற உறுப்பினரானார். அன்று வாக்குச்சாவடிக்குப் போகும் வழியெல்லாம் அப்பா ஒன்றும் பேசவில்லை. வீடு திரும்பி, சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு, "ராக்கெட்" என்றார். ஒரு சொல்தான், எதிர்க்கட்சியான ஜ.செ.க.வின் (ஜனநாயக செயல் கட்சி) சின்னம். எங்கள் வீட்டில் ஓர் ஆட்சி மாறியது போல இருந்தது.

மாறியது என்றுதான் நானும் நம்பினேன். பினாங்கின் முதலமைச்சராக இருந்த கோ சூ கூனையே பத்து காவான் தொகுதியில் வீழ்த்திய ராக்கெட் வேட்பாளர் பேராசிரியர் இராமசாமி மாநிலத்தின் இரண்டாம் துணை முதலமைச்சரானார். ஒரு தமிழர் அந்த நாற்காலியில் உட்கார்ந்ததைப் பார்த்து எங்கள் பிறைக்காரர்கள் தோளை நிமிர்த்தி நடந்தார்கள். மறு ஆண்டே பினாங்கின் கம்போங் புவா பாலாவில் மாட்டுக் கொட்டிலும் வீடுமாக இருந்த தமிழர் கிராமம் இடிபட்டது. அந்த நிலத்தை விற்றது முந்தைய ஆட்சி. உண்மைதான். ஆனால் அந்த உண்மையைக் கட்சிக்காரர்களைவிட அதிகமாக நாங்கள்தான் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தோம், கூலி வாங்காத வக்கீல்களாக. தராசுக்கு அப்பா செய்த வேலையை ராக்கெட்டுக்கு நான் செய்தேன்.

2023 மாநிலத் தேர்தலில் பிறையில் மூன்று தவணை இருந்த இராமசாமிக்கு இடம் இல்லை. புதியவர்களுக்கு வழிவிடுவது கட்சியின் உரிமை, அதில் எனக்குச் சண்டை இல்லை. இரண்டாம் துணை முதலமைச்சர் பதவி ஜக்டிப் சிங்குக்குப் போனது. அதே ஆண்டு டிசம்பரில் மத்திய அமைச்சரவையிலிருந்து சிவகுமார் நீக்கப்பட்டு, கோபிந்த் சிங் உள்ளே வந்தார். முழு அமைச்சர்கள் வரிசையில் அன்று ஒரு தமிழர்கூட இல்லை. பஞ்சாபியரோடு எனக்கு வழக்கில்லை. ஜெலுத்தோங்கில் ராக்கெட்டின் மூத்த தலைவர் கர்ப்பால் சிங்குக்காகக் கொடி பிடித்தவர் என் சித்தப்பா. நான் கேட்பது வேறு. 2018-ல் நான்கு இந்திய அமைச்சர்கள் இருந்த மேசை இப்படிச் சுருங்கியபோது, இதை வாக்காளர்களுக்கு எப்படி விளக்குவது என்று யாராவது பதறினார்களா? பதறவில்லை. எங்கள் கதவில்தான் சரிக் குறி விழுந்துவிட்டதே.

பணக் கணக்கும் பார்க்கலாம். 2025 வரவு செலவுத் திட்டம் 421 பில்லியன் ரிங்கிட். இந்தியச் சமூகத்துக்கான அரசு அமைப்பான மித்ராவுக்கு 100 மில்லியன். நூறு வெள்ளியில், அதாவது நூறு ரிங்கிட்டில், இரண்டு காசு சொச்சம். பொதுப் பள்ளி, மருத்துவமனை, மானியம் எல்லாவற்றிலும் நமக்கும் பங்கு உண்டு என்பார்கள், உண்டு, மறுக்கவில்லை. பள்ளி இறுதித் தேர்வான எஸ்.பி.எம்.-இல் 10ஏ எடுத்தவர்களுக்கு இனம் பாராமல், பல்கலைக்கழகத்துக்கு முந்தைய படிப்பான மெட்ரிகுலேஷனில் இடம் என்று 2024-ல் அறிவித்ததை நான் கைதட்டியே வரவேற்றேன். ஆனால் நம் சமூகத்தின் பின்னடைவுக்கென்றே ஒதுக்கிய அந்த இரண்டு காசைத் தீபாவளித் திறந்த இல்ல உபசரிப்பு மேடைகளில் இரண்டாயிரம் வெள்ளி போலப் பேசும்போது முறுக்கு தொண்டையில் சிக்குகிறது.

"அந்தப் பக்கம் போனால் பாஸ் கட்சி வந்துவிடும்" என்று இஸ்லாமியக் கட்சியைக் காட்டுகிறார்கள். அந்தப் பயம் எனக்கும் உண்டு, பொய் சொல்ல மாட்டேன். ஆனால் என் பயம் இன்னொருவருடைய முதலீடாக இருப்பதுதான் பொறுக்கவில்லை. சுங்கை பாக்காப்பைப் பாருங்கள், எங்களிடமிருந்து தெற்கே கொஞ்சத் தொலைவுதான். 2023-ல் பாஸ் இருக்கும் பெரிக்காத்தான் கூட்டணி அந்தச் சட்டமன்றத் தொகுதியில் 1,563 ஓட்டில் வென்றது. 2024 ஜூலை இடைத்தேர்தலில் அது 4,267 ஆனது. வாக்காளர்களில் ஏறத்தாழ ஆறில் ஒருவர் இந்தியர் என்பதால், அவர்களின் எண்ணிக்கை அந்த வித்தியாசத்தைவிடப் பெரியது. யார் வந்தார்கள், யார் வீட்டில் இருந்துவிட்டார்கள் என்று வாக்குப்பெட்டி சொல்லாது. எங்கே போய்விடுவார்கள் என்று கேட்பவர்களுக்கு நான் ஒன்று சொல்வேன்: எங்கேயும் போக வேண்டாம், ஓட்டு நாள் காலை தோசை சுட்டுக்கொண்டு வீட்டில் இருந்தாலே போதும்.

ஆனாலும் ஓட்டுப் போடாதே என்று நான் சொல்ல மாட்டேன். வராதவனுக்காக எந்தக் கட்சியும் குழாய் சரிசெய்வதில்லை. இந்தியர்கள் பெரும்பான்மையாக இருக்கும் நாடாளுமன்றத் தொகுதி இந்த நாட்டில் ஒன்றுகூட இல்லை. மற்றவர்கள் இழுபறியில் நிற்கும் இடங்களில் நாம் எந்தப் பக்கம் சாய்வோம் என்று தெரியாமல் இருப்பதுதான் நம் கையில் இருக்கும் ஒரே சரக்கு. அதைத்தான் தேர்தல் நாள் அறிவிக்கும் முன்பே வாட்ஸ்அப் குழுவிலும் கோயில் வாசலிலும் இலவசமாகக் கொட்டிவிடுகிறோம். என் மருமகன் காரில் இப்போதே கட்சிக் கொடி ஒட்டியிருக்கிறான். கழற்றச் சொன்னால் முறைக்கிறான்.

அம்மா அப்படியில்லை. அடுத்த முறை பட்டியலோடு யார் வந்தாலும் வாசலில் நாற்காலி போட்டு அம்மாவைத்தான் உட்காரவைக்கப் போகிறேன். என்ன பேசுவது என்று இப்போதே ஒத்திகை பார்க்கிறார்: "இன்னும் முடிவு செய்யவில்லை தம்பி. படியேறி வந்திருக்கிறீர்கள், உட்காருங்கள், தேநீர் போடச் சொல்கிறேன்."