கோடையில் இலை நிற்கும் மரம்தான் நிழல் மரம்

நிழல் வேண்டுமென்றால் சீக்கிரம் வளரும் மரமாகப் பார்த்து வையுங்கள் என்று பலர் சொல்வது இலங்கையின் வடக்கிலுள்ள எங்கள் வன்னிப் பகுதிக்குப் பொருந்தாது. இங்கே ஐப்பசி தொடக்கம் தை வரைதான் நம்பக்கூடிய மழை. வைகாசி தொடக்கம் புரட்டாதி வரை சோளகக் காற்றும் (தென்மேற்குக் காற்று) வறட்சியும்தான். போர் முடிந்து 2010இல் ஒட்டுசுட்டான் பக்கம் எங்கள் காணிக்குத் திரும்பியபோது வளவில் ஒரு மரம்கூட மிஞ்சியிருக்கவில்லை. அவசரத்துக்குச் சீக்கிரம் வளரும் ஜாம் மரம் வைத்தோம். இரண்டு வருடத்தில் நல்ல நிழல்தான், ஆனால் 2020 டிசம்பரில் புரெவி புயல் வந்த இரவு வேரோடு சாய்ந்து குசினிக் கூரையில் விழுந்தது. ஜாம் மரம் வைத்த அதே வாரம் நட்ட வேம்பு அசையவில்லை. அந்த வேம்புக்கு முதல் இரண்டு கோடையும் அடியில் தேங்காய்ப் பொச்சுமட்டைகளைக் கவிழ்த்து அடுக்கி, பக்கத்தில் துளையிட்ட மண்முட்டி ஒன்றைப் புதைத்து, நாலு நாளைக்கு ஒருக்கால் தண்ணீர் நிரப்பினோம், அவ்வளவுதான். மட்டையைக் கிளப்பிப் பார்த்தால் மண் ஈரமாகக் கையில் ஒட்டும். தேக்கு வைக்கச் சொல்கிறவர்களுக்கு: தேக்கு காசுக்கு நல்லது, சரி, ஆனால் வறட்சியில் இலையைக் கொட்டிவிட்டு மொட்டையாக நிற்கும், வெட்டி ஏற்றுவதற்கும் அனுமதிப் பத்திரம் வேண்டும். வேம்போ பங்குனி வெயிலிலேயே தளிர்த்துவிடும். வேலிக்குக் கிளுவையையும் பூவரசையும் முதல் மழையோடு கதியாலாக (உயிர்வேலிக்கு நடும் தடியாக) ஊன்றுங்கள். பூவரசங்குழை ஆட்டுக்கும் ஆகும், வயலுக்கும் ஆகும். காட்டோரக் காணியென்றால் தென்னம்பிள்ளையை வீட்டுக்குக் கிட்டவே வையுங்கள், யானை வந்தால் முதலில் தேடுவது அதன் குருத்தைத்தான்.