பெட்டியில் ஒரு வண்டி, உள்ளே ஒரு வண்டி

நான் வாங்கிய பொம்மைக் காரின் பெட்டியில் '1961 ஜாகுவார் இ-டைப்' என்று, அந்தப் பழைய பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் காரின் பெயரைக் கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறார்கள். உள்ளே இருக்கும் வண்டிக்கு முன்விளக்கு மேல் கண்ணாடி மூடியே இல்லை! மூடி இல்லாத விளக்கு 1967 வாக்கில்தானே வந்தது? முன்கண்ணாடியில் மூன்று வைப்பர் இருக்கவேண்டும், ஒட்டியிருப்பது இரண்டு. அப்புறம், நம்பர் பலகை பிரிட்டனுடையது, ஸ்டீயரிங் மட்டும் இடப்பக்கம்! கம்பிச் சக்கரத்தைப் பார்த்தால் வயிறு எரிகிறது. ஆரங்களுக்கு நடுவே இடைவெளியே கிடையாது, சட்டைப் பொத்தான் மாதிரி ஒரே தட்டை.

இதற்கு முன் வாங்கிய 1965 எம்ஜிபி (அதுவும் ஒரு பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார்) பொம்மை இன்னும் மோசம். 1974-ல் வந்த கருப்பு ரப்பர் பம்பரை அதன் மூஞ்சியில் அப்பியிருந்தார்கள். அசல் வண்டியில் 43-ல் ஒரு பங்கு அளவுள்ள (1:43) பொம்மைக்கு ஆயிரக்கணக்கில் கறக்கத் தெரிகிறதே, ஒரே ஒரு பழைய புகைப்படத்தை எடுத்துப் பார்க்கத் தெரியாதா?