கூட்டச் சொன்னா பூஜ்யம்ங்குது

மாசக் கணக்கை ஒழுங்கா எழுதணும்னு உட்கார்றது ஒரு குத்தமா? பேங்க் ஸ்டேட்மென்ட்டை சிஎஸ்வியா (காற்புள்ளி போட்டுப் பிரிச்ச வெறும் எழுத்து ஃபைல்) இறக்கியாச்சு, எக்ஸெல்ல திறந்தாச்சு, தொகைக்குக் கீழே சம்னு கூட்டுற ஃபார்முலா போட்டாச்சு. விடை: 0. மாசம் பூரா தண்ணியா ஓடின காசு, கூட்டிப் பார்த்தா பூஜ்யமாம். இப்படி ஒரு சிக்கனத்தை உலகம் கண்டதில்ல.

உத்துப் பாருங்க. தொகையெல்லாம் கட்டத்துக்குள்ள இடதுபக்கம் ஒட்டிக்கிட்டு நிக்கும். எண்ணுன்னா தானா வலதுபக்கம் நிக்கணும். இடதுபக்கம் நின்னா அது எழுத்து. உங்க கண்ணுக்கு 1,250. எக்ஸெலுக்கு அது 'வணக்கம்' மாதிரி ஒரு சொல். பின்னாடி ஒரு இடைவெளி ஒட்டியிருக்கும், வேண்டாத இடைவெளியை வெட்டுற ட்ரிம் ஃபார்முலாவைப் போட்டா போயிடும்னு நினைப்பீங்க. போகாது! கம்ப்யூட்டர் ஒவ்வொரு எழுத்துக்கும் ஒரு நம்பர் வெச்சிருக்கு; அது சாதா இடைவெளி இல்ல, 160-ஆம் நம்பர் இடைவெளி. ட்ரிம்முக்குத் தெரிஞ்சது 32-ஆம் நம்பர் மட்டும்தான். கட்டத்துக்குள்ள போய் அந்த ஒத்த இடைவெளியை மட்டும் காப்பி பண்ணி, கன்ட்ரோல் ஹெச் தட்டி, தேடுற பெட்டியில ஒட்டி, மாத்துற பெட்டியைக் காலியா விட்டு, மொத்தத்தையும் மாத்தணும். ஒட்டினது ஒட்டிச்சான்னு பார்க்கவும் வழியில்ல, ரெண்டு பெட்டியும் காலியாத்தான் தெரியும். இதுக்குப் பேர் கணக்கு எழுதுறதா, பேய் ஓட்டுறதா?

ஓட்டியாச்சா? இப்ப தேதி. ஃபைல்ல நாள் முதல்ல, கம்ப்யூட்டர்ல மாசம் முதல்லன்னு இருந்தா தீர்ந்தது கதை. ஏப்ரல் 1-லேர்ந்து 12 வரைக்கும் உள்ள செலவு, ஜனவரி முதல் டிசம்பர் வரை மாசத்துக்கு ஒண்ணா சிதறிப் போயிடும். 13-ஆம் தேதிலேர்ந்து? பதிமூணாவது மாசம்னு ஒண்ணு கிடையாதே, அதனால அதெல்லாம் வெறும் எழுத்தா விழுந்து கிடக்கும். ஃபைலை டபுள் க்ளிக் பண்ணித் திறக்காதீங்க சாமி. டேட்டா மெனு வழியா உள்ள கொண்டு வந்து, இது நாள்-மாசம்-வருஷம்னு நீங்களே வாயத் திறந்து சொல்லுங்க.

அடுத்து கிரெடிட் கார்டு. கார்டுல வாங்கினதையும் செலவுன்னு எழுதி, கார்டு பில் கட்டினதையும் செலவுன்னு எழுதுற ஆள் வீட்டுக்கு ஒருத்தர் உண்டு. பில் கட்டுறது செலவு இல்லீங்க, ஏற்கெனவே எழுதின செலவுக்கான கடனை அடைக்கிறது. இதைச் சொன்னா "அப்ப காசு போகலையா?"ன்னு சண்டைக்கு வருவாங்க.

அப்புறமும் உங்க கணக்கும் பேங்க் இருப்பும் இடிக்கும். வித்தியாசம் 9-ஆல மீதியில்லாம வகுபட்டா, பெரும்பாலும் இலக்கம் இடம் மாறியிருக்கும்: 742-ஐ 472-னு தட்டினா 270 இடிக்கும். வித்தியாசத்துல பாதித் தொகை எங்கயாவது உட்கார்ந்திருந்தா, வரவைச் செலவுல எழுதியிருக்கீங்க. முதல்ல ரீஃபண்டைத் தேடுங்க. ரெண்டும் இல்லையா, 31-ஆம் தேதி தேய்ச்சு அடுத்த மாசம் 2-ஆம் தேதி கணக்குல ஏறினது ஏதாவது இருக்கும்.

இத்தனையும் பண்ணி, எல்லாம் சுத்தமா டேலி ஆகி, எந்தத் தலைப்புல அதிகம் போயிருக்குன்னு பார்த்தா: 'இதர'. வாடகையைத் தாண்டி, சாப்பாட்டைத் தாண்டி, கம்பீரமா முதலிடத்துல 'இதர'. ஹா ஹா. வேற என்ன பண்றது.

சரி, ரசீதை வெச்சு இதரவைப் பிரிக்கலாம்னு எடுத்தா, அந்த வழவழ தாள் இருக்கே! மையே கிடையாது, சூட்டுல எழுத்து வர்ற தாள். வெளிச்சத்துல வெச்சா வெளுக்கும், சூட்டுல வெச்சா கறுக்கும். பொறுப்பா பிவிசி பிளாஸ்டிக் கவர்ல போட்டு வெச்சா, அந்தக் கவரே எழுத்தைத் தின்னுடும். ரெண்டு வருஷ வாரன்டியை இந்தத் தாள்ல அடிச்சுக் குடுக்கணும்னு எந்த மகராசனுக்குய்யா தோணுச்சு?