பச்சையாக ஒளிரும் நீரில் யுரேனியம் இல்லை

‘நிலத்தடி நீரின் பாதையைக் கண்டறிய யுரேனியச் சாயம் ஊற்றுகிறார்கள், தண்ணீர் பச்சையாக மின்னுவது கதிர்வீச்சால்தான்’ என்று ஒரு செய்தி சுற்றுகிறது. தவறு. பெயர் செய்த குழப்பம் இது: சாயத்தின் பெயர் யுரானின். யுரேனியம் அதில் துளியும் கிடையாது. அது ஃபுளோரசின் என்ற ஒளிரும் சாயத்தின் சோடியம் உப்பு. ஒளி பட்டால் பச்சையாக ஒளிரும், அவ்வளவுதான். விழித்திரையைப் படமெடுக்கக் கண் மருத்துவர்கள் இதையே ரத்தக் குழாயில் ஊசியாகப் போடுகிறார்கள் (சிலருக்குக் குமட்டல், அரிதாக ஒவ்வாமை வருவதுண்டு).

1877இல் ஜெர்மனியில், டான்யூப் ஆறு மண்ணுக்குள் மறையும் இடத்தில் இந்தச் சாயத்தை 10 கிலோ கொட்டினார்கள். சுமார் 60 மணி நேரத்தில், 12 கிலோமீட்டர் தள்ளி ஆஹ் என்ற ஊற்று பச்சையானது. இன்றைய கருவிகளுக்குக் கண்ணுக்கே தெரியாத அளவு போதும்.

சரி, எல்லாச் சாயமும் ஒன்றா? இல்லை. ரோடமின் பி என்ற இளஞ்சிவப்புச் சாயம் நச்சுத்தன்மை கொண்டது என்ற எச்சரிக்கை நியாயமானதே.