அந்தத் தீவில் ஆட்கள் இருந்தார்கள்

மூன்று நாளாக எல்லோரும் அந்த ரீலைத்தான் பகிர்கிறார்கள். "ஒரு ஜாதிக்காய்த் தீவுக்காக நியூயார்க்கையே விட்டுக்கொடுத்த டச்சுக்காரன்" என்று வருகிறதே, அதுதான். அதன் கீழே நான் எழுதியது ஒரே வரி: அந்தத் தீவில் ஆட்கள் இருந்தார்கள். அதற்கு வரிசையாகச் சிரிப்புப் பொம்மைகள். "உனக்கு எதைப் பார்த்தாலும் ஒப்பாரிதானா?" என்று ஒரு பதில். அதை எழுதியவர் பத்து வருடமாக என்னோடு டீ குடிக்கிறவர். அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுத வேண்டியிருக்கிறது.

ஆங்கிலேயரும் டச்சுக்காரரும் சண்டையை முடித்துப் போட்ட 1667 பிரேடா ஒப்பந்தம் உண்மைதான். ரன் தீவு டச்சுக்காரருக்கு, இன்றைய நியூயார்க்கில் இருக்கும் மன்ஹாட்டன் ஆங்கிலேயருக்கு. மன்ஹாட்டனை ஆங்கிலேயர் 1664லேயே பிடித்துவிட்டார்கள் என்பதை ரீல் சொல்லவில்லை, போகட்டும். ரன் என்பது இன்றைய இந்தோனேசியாவின் கிழக்கே உள்ள பாண்டா தீவுகளில் ஒன்று. ஜாதிக்காயும் ஜாதிபத்திரியும் அன்றைக்கு அங்கே மட்டும்தான் விளைந்தன. சின்னத் தீவுகள், சாப்பாட்டுக்கு வேண்டியது அங்கே விளையாது. ஜாதிக்காயை ஜாவா, மலாய் வியாபாரிகளிடம் கொடுத்துத்தான் அரிசி வாங்கினார்கள். டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி வந்து, எங்களுக்கு மட்டும்தான் விற்க வேண்டும் என்று எழுதி வாங்கிக்கொண்டது. வயிறு ஒப்பந்தம் பார்க்குமா? மற்றவர்களுக்கும் விற்றார்கள்.

அதற்காக 1621இல் கம்பெனியின் கவர்னர் ஜெனரல் யான் பீட்டர்ஸோன் கூன் படையோடு வந்து இறங்கினான். ஊர்ப் பெரியவர்கள் 44 பேரை ஜப்பானியக் கூலிப்படையை வைத்து வெட்டிக் கொன்றார்கள். சுமார் 15,000 பேர் வாழ்ந்த தீவுகளில் ஆயிரம் பேர் அளவில்தான் மிஞ்சினார்கள். மற்றவர்கள் வெட்டுப்பட்டும் பசியிலும் செத்தார்கள், படகேறித் தப்பினார்கள், பத்தாவியாவுக்கு, அதாவது இன்றைய ஜகார்த்தாவுக்கு, பிடித்துக்கொண்டு போகப்பட்டார்கள். காலியான நிலத்தைத் தோட்டம் தோட்டமாகப் பங்கு போட்டு, வேலைக்கு அடிமைகளைக் கொண்டுவந்து இறக்கினார்கள்.

யாருக்கு லாபம், யாருக்கு நஷ்டம் என்று பேசுகிற ரீலில் இவர்களுக்கு ஒரு நொடிகூட இல்லை. மன்ஹாட்டனிலும் லெனாப்பே என்ற பூர்வகுடி மக்கள் இருந்தார்கள். அவர்களுக்கும் இல்லை.

எங்கள் வீட்டில் குழந்தை பிறந்தால் அப்பாயி உரைமருந்துப் பெட்டியை எடுத்துவிடுவார். ஜாதிக்காய், மாசிக்காய், வசம்பு, கடுக்காய். சந்தனக்கல்லில் இரண்டு இழைப்பு, தாய்ப்பாலில் குழைத்து நாக்கில் ஒரு தடவல். என் நாக்கிலும் அப்படித்தான் தடவினார், என் மகள் நாக்கிலும். பாண்டாவைப் பற்றிப் படித்த இரவு, அந்த வாசனைதான் நினைவுக்கு வந்தது. அன்றைக்குத் தூங்க முடியவில்லை. இதை ஒப்பாரி என்றால் சரி, ஒப்பாரிதான்.

"ராஜேந்திர சோழன் கடாரத்துக்குப் படை அனுப்பவில்லையா?" என்று ஒருவர் கேட்டிருக்கிறார். அனுப்பினார். அங்கே செத்தவர்களையும் எண்ணுங்கள், நான் குறுக்கே நிற்கவில்லை. ஆனால் சோழனை இழுத்துவந்து கூனின் கணக்கை ஏன் அடைக்கப் பார்க்கிறீர்கள்? "வெள்ளைக்காரர்கள் வராவிட்டால் ரயில் ஏது?" என்பவருக்கு என்னிடம் பதில் இல்லை. பாண்டாவில் ரயில் ஓடவில்லை, ஐயா.

"நானூறு வருடத்துக் கதை, நமக்கென்ன?" என்பதுதான் அதிகம் வலிக்கிறது. நமக்கென்னவா? இதே கம்பெனிக்குப் பழவேற்காட்டில் கோட்டை இருந்தது. இதே 1620களில் அங்கிருந்து நம் கரையோர மக்களை அடிமைகளாகக் கப்பலேற்றிப் பத்தாவியாவுக்கு அனுப்பினார்கள். பஞ்சத்தில் பெற்ற பிள்ளையை விற்றவர்கள் இருந்த ஊர் இது. அந்தப் பிள்ளைகளில் யார் யார் எந்தத் தோட்டத்தில் போய் விழுந்தார்கள் என்று உங்கள் ரீல் சொல்லுமா?

கூனுக்கு நெதர்லாந்தின் ஹூர்ன் நகரச் சதுக்கத்தில் சிலை இருக்கிறது. 1893இல் வைத்தது. 2011இல் கிரேன் மோதிக் கீழே விழுந்தது, திரும்ப நிறுத்திவிட்டார்கள்.

பாண்டாவிலிருந்து தப்பித்தவர்களில் சிலர் இந்தோனேசியாவின் கேய் தீவுகளுக்குப் போனார்கள். அங்கே பாண்டா எலி, பாண்டா எலாட் என்று இரண்டு ஊர்கள் இருக்கின்றன. பாண்டாவிலேயே அழிந்துபோன பாண்டா மொழியை இன்றும் பேசுகிறார்கள். டீ குடிக்கிற நண்பரே, நான் சொன்ன "ஆட்கள்" இவர்கள்தான். அந்தச் சிரிப்புப் பொம்மையை எடுத்துவிடுங்கள்.