மேளத்துக்கு எதற்கு மைக்?

வீட்டுக்கு வருகிறவர்கள் என் ஸ்பீக்கரில் பாட்டுக் கேட்டு, தேத்தண்ணி குடித்து முடிப்பதற்குள் தீர்ப்புச் சொல்லிவிடுகிறார்கள். "என்னடாப்பா, இவ்வளவு காசு குடுத்து வாங்கின பொக்ஸ், பேஸே இல்லை. நேற்று கோயிலடியில அடிச்ச அடிக்குக் கிட்டவும் வராது." சொன்னதோடு விட்டாலும் பரவாயில்லை. எழும்பிப் போய் அம்பிளிபயரில் பேஸ், அதாவது அடித்தொனி கூட்டும் திருகியைக் கடைசி மட்டும் முறுக்கிவிட்டுத்தான் கதிரையில் வந்து இருக்கிறார்கள். மச்சானுக்கு மட்டும் இந்த வருத்தம் என்றால் பொறுக்கலாம். பக்கத்து வீட்டு அண்ணை, வயரிங் வேலைக்கு வந்த தம்பி, லீவில் வந்த சித்தப்பா, எல்லோரிடமும் ஒரே அளவுகோல்: திருவிழா மேடையில் இசைக்குழு போட்ட சத்தம்.

இதையே படித்தவர்கள் கொஞ்சம் நாகரிகமாகச் சொல்கிறார்கள். லண்டனில் இருக்கும் ஒன்றுவிட்ட அண்ணன் போன் எடுத்தால் பாடம் தொடங்கிவிடும். "நேரடிக் கச்சேரியைக் கேள், அதை வைச்சுத்தான் ஸ்பீக்கரை மதிக்க வேணும்." கொள்கை புதிதல்ல. 1973இல் அமெரிக்காவில் ஹாரி பியர்சன் 'தி அப்சலூட் சவுண்ட்' என்ற சஞ்சிகையைத் தொடங்கியதே இதை வைத்துத்தான். ஆனால் அவர் ஒரு நிபந்தனை போட்டிருந்தார்: மின்சாரம் தொடாத வாத்தியம், உண்மையான ஓர் இடத்தில், தன் சொந்தக் குரலில் ஒலிக்க வேண்டும். அண்ணன் அந்த நிபந்தனையை வசதியாக விழுங்கிவிட்டார். அவருக்கென்ன, டிக்கெட் எடுத்தால் மைக் இல்லாத வயலினை மண்டபத்தில் இருந்து கேட்கலாம். கிளிநொச்சிக்கும் மாங்குளத்துக்கும் நடுவில் குடியிருக்கிற நான் எங்கே போக?

இங்கே கச்சேரி என்றால் என்னவென்று பார்க்க, மேடையை விட்டுவிட்டு, எல்லா மைக்கின் சத்தத்தையும் கலந்து கூட்டிக் குறைக்கும் மிக்சர் வைத்திருக்கும் கொட்டிலுக்குப் பின்னால் போய் நில்லுங்கள். பனி படாமல் மேலே பொலித்தீன் கட்டியிருப்பார்கள். மிக்சரில் வரிசையாகச் சிவப்பு விளக்குகள். சத்தம் எல்லை மீறி, ஒலியலையின் உச்சி வெட்டுப்பட்டுக் கரகரக்கும்போது மட்டும் மினுங்க வேண்டியவை அவை. எங்கள் ஊரில் முதல் பாட்டுத் தொடங்கி மங்களம் மட்டும் அணைவதே இல்லை. பாடகர் "எனக்கு என்ர குரல் கேக்கேல்லை" என்று கையைக் காட்டுவார். மிக்சரில் நிற்கும் பெடியன் ஒரு கையில் போனோடு, மற்றக் கையால் அவரின் சத்தத்தை ஏற்றுவான். உடனே கிற்றார்காரருக்குத் தன்னுடையது கேட்காது. அவரையும் ஏற்றுவான். பின்னால் ஜெனரேற்றர் தன் பாட்டுக்கு ஒரு சுருதி பிடித்துக்கொண்டிருக்கும். இவ்வளவும் கடைசியில் எதற்குள்ளால் வருகிறது? ஸ்பீக்கருக்குள்ளால்தானே! அடித்து அடித்து, உள்ளே அதிரும் கோன் கிழிந்த ஒரு ஸ்பீக்கரை என் வீட்டு ஸ்பீக்கரோடு ஒப்பிட்டுவிட்டு "நேரில கேட்ட மாதிரி இல்லை" என்றால் நான் எங்கே போய் முட்டுவது?

வீதி நீளத்துக்குக் கம்பத்தில் கட்டுகிற குழாய் ஸ்பீக்கர்கள் இன்னொரு கதை. அந்தக் குழாயில் அடித்தொனியும் வராது, உச்சமும் வராது. நடுவில் பேச்சுக்குத் தேவையானது மட்டும் வரும். காணாமல் போன பிள்ளையைப் பற்றி அறிவிக்க அதைவிட நல்ல சாமான் இல்லை, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் ஒலி விநாடிக்கு ஏறக்குறைய 340 மீற்றர்தான் ஓடும். ஒரு குழாயடியில் நிற்கிறவருக்கு 170 மீற்றர் தள்ளி இருக்கும் அடுத்த குழாயின் பாட்டு அரை விநாடி பிந்தி வரும். ஒரே பாடகர் தன்னையே துரத்திக்கொண்டு பாடுவார். இதுவா அளவுகோல்?

பேஸ், பேஸ் என்று உயிரை வாங்குகிறீர்களே, அதற்கும் பதில் 1933இலேயே வந்துவிட்டது. பெல் ஆய்வுகூடத்தில் பிளெச்சரும் மன்சனும் அளந்து காட்டினார்கள்: சத்தம் குறையக் குறைய, மற்றவற்றைவிடத் தாழ்ந்த ஒலிகளைத்தான் காது கூடுதலாகக் கைவிடுகிறது. மேடைக்கு முன்னால் 100 டெசிபலில் (சத்தத்தை அளக்கும் அலகு அது) கேட்ட பாட்டை வீட்டில் 70இல் போட்டால் பேஸ் மெலிந்துதான் கேட்கும். அது காதின் சுபாவம். பெட்டியை ஏன் திட்டுகிறீர்கள்? திருகியை முறுக்கினால் நடப்பதையும் சொல்கிறேன். என் அறை 12 அடி நீளம். அந்த நீளத்துக்கு 47 ஹெர்ட்ஸ், அதாவது விநாடிக்கு 47 அதிர்வு அளவில் அறையே சேர்ந்து உறுமும். கூரைத் தகரம் அதிரும். "ஆ, இப்பதான் பேஸ்!" என்று மச்சான் சிரிப்பார். தகரத்தைக் கேட்டுத்தான் அந்தச் சிரிப்பு.

இன்னொன்று. 85 டெசிபலில் 8 மணி நேரம், 3 டெசிபல் கூடும் ஒவ்வொரு தடவையும் நேரம் பாதி என்பது தொழிலிடங்களில் காதைக் காக்க வைத்திருக்கும் கணக்கு. 100க்கு 15 நிமிடம்தான் வருகிறது. விடிய விடிய மேடைக்கு முன்னால் இருந்துவிட்டு, காதுக்குள் 'கீ' என்ற கூவலோடு வந்து எனக்கு ஒலித்தரம் சொல்லித் தருகிறார்கள்!

அதோடு, இவர்கள் போடச் சொல்லிக் கேட்கும் சினிமாப் பாட்டுகள் பெரும்பாலும் ஒருவரும் ஒன்றாக இருந்து வாசித்தவை அல்ல. குரல் ஒரு நாள், புல்லாங்குழல் ஒரு நாள், தாளம் கணினியில். அதற்கு எந்த நேரடிக் கச்சேரியைத் தேடிப் போவது?

காது உள்ளவர்கள் இந்த மண்ணில் இல்லாமல் இல்லை. யுத்தத்தில் பெற்றறி தடை செய்யப்பட்டிருந்த காலத்தில் சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, பெடலைக் கையால் சுற்றி, டைனமோவில் றேடியோ கேட்ட சனம் நாங்கள். எங்கள் பெரியம்மா செய்தி வாசிப்பவரின் முதல் வரியிலேயே "இந்தாளுக்குத் தடிமன்" என்று சொல்லிவிடுவா. அவ என் பொக்ஸைக் கேட்டுவிட்டு, "பக்கத்தில இருந்து பாடுற மாதிரிக் கிடக்கு, வெத்திலை மென்ற வாய் போல" என்றா. பேஸ் பற்றி மூச்சு விடவில்லை.

சரி, மின்சாரம் தொடாத இசை எங்களிடமும் இருந்ததே, மேளம்! தவிலின் வலப்பக்கமான வலந்தலையில் விரல்கூடுகள் விழும் அந்தச் சுருக்கென்ற வெட்டு, இடப்பக்கமான தொப்பியில் கழி விழும்போது நெஞ்சுக்குள் இறங்கும் அடி, அதற்கு மேலால் நாதஸ்வரம். திறந்த வெளிக்கென்றே பிறந்த வாத்தியங்கள். கோயிலின் மேற்கு வீதியில் வாசித்தால் கிழக்கு வீதியில் கேட்கும். ஸ்பீக்கரை மதிப்பிட ஆசைப்படுகிறவனுக்கு இதைவிட நல்ல பாடம் கிடையாது. அந்த நாதஸ்வரத்தின் வாய்க்குள்ளேயே இப்போது மைக்கைச் செருகுகிறார்கள்! தவிலுக்குப் பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு. கேட்கிறவர் எட்டடி தூரத்தில் நிற்கிறார். அவருக்குத் தவில் கண் முன்னால், தவிலின் சத்தம் முதுகுக்குப் பின்னால் உள்ள பெட்டியில். விரல்கூட்டின் வெட்டெல்லாம் தகர டப்பாவில் கல் போட்ட சத்தமாகிவிடும். சுருதிக்கு ஒத்து ஊதும் ஆள் போய் மின்சாரச் சுருதிப்பெட்டி வந்தாயிற்று. அதற்கும் ஒரு மைக்.

இந்த முறை பொறுக்காமல் கோயில் பொருளாளரிடம் போய்க் கேட்டேவிட்டேன். உள்வீதி சுற்றும் நேரத்துக்கு மட்டும் மைக்கை நிற்பாட்டுங்கோ, ஒரு அரை மணித்தியாலம், காசும் மிச்சம் என்றேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"தம்பி, உபயகாரர் கனடாவில இருந்து போனில பாக்கிறவர். போன வருசமே சத்தம் காணாதெண்டு ஏசினவர். இந்த முறை இன்னும் ரெண்டு பெட்டிக்குக் காசு அனுப்பியிருக்கிறார்."