வாங்கின சீட்டில் உட்காராவிட்டால் திருட்டாம்!

எல்லாரும் பேசும் அந்தப் பையன் விஷயம், தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக. தூரத்து ஊருக்கு மலிவாக டிக்கெட் வாங்கி, நடுவில் விமானம் மாறும் ஊரிலேயே இறங்கிப் போய்விட்டான், அந்த ஊருக்கான டிக்கெட் விலையோடு வரும் வித்தியாசத் தொகையைக் கட்டு என்று விமான நிறுவனம் மெயில் அனுப்பியது, அதை அவன் வெளியில் சொல்லித் தொலைத்தான். இரண்டு நாளாக ஆளாளுக்கு அவனைத் திருடன் என்கிறார்கள். என் நட்பு வட்டத்திலேயே இத்தனை நீதிபதிகள் இருப்பது இத்தனை நாள் தெரியாமல் போச்சு.

திருட்டு என்றால் காசு கொடுக்காமல் எடுப்பது. இவன் காசு கொடுத்துவிட்டு எடுக்காமல் போயிருக்கிறான். இதை இன்னும் எத்தனை தடவை சொல்ல வேண்டுமோ தெரியவில்லை.

விமானக் கட்டணத்தைக் கிலோமீட்டர் கணக்குப் பார்த்துப் போடுவதில்லை. புறப்படும் ஊர், போய்ச் சேரும் ஊர், இந்த ஜோடிக்குத்தான் விலை. ஒரு நிறுவனம் ஒரு ஊரை ஹப்பாக, அதாவது தன் பயணிகள் விமானம் மாறும் மையமாக, வைத்திருந்தால், அங்கே நேராகப் போக பெரும்பாலும் அதன் விமானம் மட்டும்தான் இருக்கும். கேட்ட விலையைக் கொடுத்தாக வேண்டும். அதே ஹப் வழியாக அதற்கு அப்பால் உள்ள ஊருக்குப் போவதென்றால் வேறு நாலு நிறுவனங்கள் வேறு நாலு ஹப் வழியாகக் கூட்டிப்போகத் தயாராக நிற்கும். அங்கே போட்டி, அதனால் விலை இறங்கும். ஆக, கூடுதல் தூரம் போகும் டிக்கெட் மலிவு, பாதி தூரம் போகும் டிக்கெட் விலை அதிகம். 500 பக்கப் புத்தகத்தை வாங்கி 400-ஆம் பக்கத்தில் மூடி வைத்தவனைப் பிடித்து உலுக்குகிறீர்களே, 400 பக்கப் புத்தகத்துக்கு அதைவிட அதிக விலை வைத்தவனை ஒரு வார்த்தை கேட்டீர்களா?

"அப்போ எல்லாரையும் இப்படிப் போகச் சொல்றியா?" என்று கேட்பீர்கள். இல்லை. இதை ஏதோ மந்திரம் மாதிரி அரை நிமிட வீடியோவில் சொல்லிக்கொடுக்கிறவர்கள் மேல்தான் எனக்கு முதல் எரிச்சல். அதில் உள்ள ஆபத்துகளை யார் சொல்வது?

விடலாம் என்றால் கடைசிப் பயணத்தை மட்டும்தான் விடலாம். ஒரு டிக்கெட்டுக்குள் ஒவ்வொரு விமானத்துக்கும் ஒரு கூப்பன். ஒன்றில் ஏறாவிட்டால் நோ-ஷோ (ஆள் வரவில்லை) என்று பதிவாகி, அதற்குப் பின்னால் உள்ள கூப்பன் அத்தனையும் ரத்து. போக-வர ஒரே டிக்கெட்டாக வாங்கி, போகும்போது நடுவில் இறங்கினால் திரும்பி வரும் பயணம் காலி. போகும்போதே நடுவில் இறங்குவதென்றால், இரண்டு தனித்தனி ஒருவழி டிக்கெட் எடுத்தவனுக்கு மட்டும்தான் இந்த ஆட்டம்.

லக்கேஜ் போடவே கூடாது. டேக்கில் கடைசி ஊரின் மூன்றெழுத்துக் குறியீடுதான் இருக்கும், பெட்டி அங்கேதான் போகும். "நடு ஊர் வரைக்கும் போடுங்க" என்று கவுண்டரில் கேட்டால், அன்றே அடுத்த விமானம் இருக்கும்போது பெரும்பாலும் மாட்டேன் என்பார்கள், சந்தேகமும் வரும். கைப்பெட்டி இருக்கிறதே என்று நிம்மதியாக இருக்காதீர்கள். கடைசி வரிசையில் ஏறினால் மேல் தட்டு நிரம்பிவிட்டது என்று கதவு வாசலிலேயே வாங்கி டேக் போட்டுக் கீழே அனுப்பிவிடுவார்கள். முன் சீட்டுக்கு அடியில் நுழைகிற பை ஒன்று போதும், அதற்கு மேல் வேண்டாம்.

விமானம் தாமதமானாலோ ரத்தானாலோ இன்னொரு சிக்கல். நிறுவனம் உங்களுக்குத் தருவதாகச் சொன்னது கடைசி ஊர் மட்டுமே. வேறு ஹப் வழியாக மாற்றிவிட்டால் "ஐயோ, நான் நடுவில் இறங்கணும்" என்று கத்த முடியாது. கடைசி ஊர் வெளிநாடு என்றால் அந்த நாட்டு விசாவை முதல் கவுண்டரிலேயே கேட்பார்கள். மைல்ஸ் (அடிக்கடி பறப்பவர்களுக்கு நிறுவனம் தரும் புள்ளிகள்) கணக்கு எண்ணையும் போடாதீர்கள். திரும்பத் திரும்பச் செய்தால் சேர்த்த மைல்ஸெல்லாம் போய்விடும்.

இவ்வளவு ரிஸ்க்கும் பயணியின் தலையில். இதற்கு மேல் திருட்டுப் பட்டம் வேறு.

"விதிகளை ஒத்துக்கொண்டுதானே டிக்கெட் வாங்கினான்?" இது நியாயமான கேள்வி, மறுக்கவில்லை. விதியில் இருக்கிறதுதான். ஆனால் ஒப்பந்தத்தை மீறுவது வேறு, திருட்டு வேறு. ஆஸ்லோவிலிருந்து ஃபிராங்க்ஃபர்ட் வழியாக சியாட்டில் போய்த் திரும்பிய ஒருவர் 2016-ல் கடைசி ஆஸ்லோ விமானத்தை விட்டுவிட்டார். ஜெர்மன் விமான நிறுவனமான லுஃப்தான்ஸா 2,112 யூரோ கேட்டு வழக்குப் போட்டது. 2018 டிசம்பரில் பெர்லின் நீதிமன்றம் அதைத் தள்ளுபடி செய்தது. அமெரிக்காவில் 2024-ல், இப்படி நடுவில் இறங்கத் தோதான டிக்கெட்டுகளைத் தேடித்தரும் ஸ்கிப்லாக்ட் தளம் அமெரிக்கன் ஏர்லைன்ஸுக்கு 94 லட்சம் டாலர் தர வேண்டும் என்று தீர்ப்பு வந்ததே என்பீர்கள். அது டிக்கெட் விற்ற தளத்தின் மேல் போட்ட வழக்கு. அதில் பாதித் தொகை விமான நிறுவனத்தின் லோகோவைப் பயன்படுத்தியதற்கு. நடுவில் இறங்கிய பயணிக்கு அங்கே என்ன சம்பந்தம்?

"அவனுக்காக விமானம் காத்திருந்து தாமதமாச்சு." லக்கேஜ் போட்டுவிட்டு ஏறாமல் போனால் பெட்டியைத் தேடி இறக்க வேண்டும், தாமதமாகும், சரி. கைப்பையோடு போனவனுக்காக யார் காத்திருக்கிறார்கள்? பேரைக் கூப்பிட்டுப் பார்ப்பார்கள், நேரம் வந்தால் கதவைச் சாத்துவார்கள். "இன்னொருத்தருக்குக் கிடைத்திருக்க வேண்டிய சீட்"டாம்! வராமல் போகிறவர்களைக் கணக்குப் போட்டு, இருக்கிற சீட்டுக்கு மேல் விற்பது இவர்கள்தானே? எல்லாரும் வந்துவிட்டால் யாரை இறக்கிவிடலாம் என்று பார்ப்பதும் இவர்கள்தான். ஓவர்புக்கிங் என்று அதற்கு மட்டும் மரியாதையான பெயர்.

2023-ல் ஃப்ளோரிடாவின் கெய்ன்ஸ்வில்லில் ஒரு பதினேழு வயதுப் பையன். நியூயார்க் டிக்கெட், நடுவில் வட கரோலினாவின் ஷார்லட். அவன் லைசென்ஸில் வட கரோலினா முகவரியைப் பார்த்ததுமே, அங்கேயே இறங்கிவிடுவான் என்று விமான நிறுவனத்துக்குச் சந்தேகம். அவன் எந்தச் சீட்டையும் இன்னும் விடவே இல்லை, முதல் விமானத்திலேயே ஏறவில்லை. டிக்கெட்டை ரத்து செய்துவிட்டார்கள். வீட்டார் நேர் விமானத்துக்குப் புது டிக்கெட் வாங்க வேண்டியதாயிற்று. செய்யாத காரியத்துக்கு!

உண்மையில் இந்த நோ-ஷோ விதியில் அதிகம் மாட்டுவது கெட்டிக்காரர்கள் இல்லை. தெரிந்த பெரியவர் ஒருவர், போக-வர டிக்கெட், சின்ன ஊரிலிருந்து ஹப் வரை முதல் விமானம். மகன் காரில் கொண்டுபோய் ஹப்பிலேயே விட்டான். ஒரு விமானம் மிச்சம், அலைச்சல் குறையும் என்று நினைத்தார்கள். கவுண்டரில் "உங்க டிக்கெட் ரத்து" என்றார்கள். முதல் விமானம் கிளம்பும் முன்பே போன் செய்து, அந்தப் பயணத்தை நீக்கி டிக்கெட்டை மறுபடி எழுதித் தரச் சொல்லியிருக்க வேண்டும், கட்டண வித்தியாசம் வந்தாலும் கட்டியிருக்க வேண்டும். இது அவருக்கு எப்படித் தெரியும்? ஸ்பெயின் உச்ச நீதிமன்றம் 2018-ல் ஐபீரியா விமான நிறுவனத்தின் இந்த மாதிரி நிபந்தனை செல்லாது என்றது. எல்லா நாட்டிலும் அந்தப் பாதுகாப்பு இல்லை.

அவரும் காசு கொடுத்தவர்தான். அவர் பணம் கட்டிய அதே விமானத்தில், அன்றைய விலைக்கு, அவருக்கே மறுபடி சீட் விற்றார்கள். அன்றைக்கு யார் வாயிலிருந்தும் திருட்டு என்ற சொல் வரவில்லை.